கிளியின் நிறமும் மாந்தர் விருப்பமும்

அழகை விரும்புதல் மக்கட்கு இயல்பு. அவ்விருப்பத்தைக் குற்றமெனக் கூறுவார் இலர். ஆயின், நம் கண்கள் நாடும் அழகைப் பெறும்பொருட்டுப் பிறிதோர் உயிரின் பிறப்பையே நம் கைக்குள் கொணர்தல் முறையாகுமா? பறவைக் கடைகளிலே நீலமும் மஞ்சளும் வெள்ளையுமாய் அமர்ந்திருக்கும் கிளிகளைக் காணுந்தோறும் இவ்வினா நம் உள்ளத்தில் எழவேண்டுவதாகும்.

பட்ஜரிகர் என்னும் சிறுகிளியை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டிலே பெருங்கூட்டமாய்த் திரியும் இதன் இயற்கை நிறம் பச்சை. 1840 இல் ஜான் கூல்டு என்பார் இதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொணர்ந்தார். கூண்டுகளிலே பெருகிய இவ்வினத்தில், 1880 ஐ ஒட்டிய ஆண்டுகளில், பெல்ஜியம் நாட்டிலே நீலக் குஞ்சு தோன்றிற்று. 1920 களில் ஜப்பானியச் செல்வர் நீலப் பறவைக்குப் பெரும்பொருள் ஈந்தனர். அவை பெருகியதும் விலை வீழ்ந்தது. விலை ஏறியபோதும் இறங்கியபோதும் பறவை ஒன்றே. நாம் மதித்தது அதன் அழகையன்று, பிறரிடம் அஃது இல்லாமையையே என்பது இதனால் விளங்கும்.

இனி, இந்நிறம் வந்தவாறு யாதெனக் காண்போம். பச்சைக் கிளியின் இறகிலே பச்சைச் சாயம் என்று ஒன்றில்லை. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறச் செய்வதால் நீலம் தோன்றுகிறது; மஞ்சட் சாயமும் உடன் இருத்தலின், இரண்டுங் கூடிப் பச்சையாகின்றன. மஞ்சட் சாயம் உண்டாகாதொழியின் பறவை நீலமாகும். நீலத் தோற்றத்திற்குத் துணைநிற்கும் கருஞ்சாயம் ஒழியின் மஞ்சளாகும். எனவே, புதிய நிறமென நாம் போற்றுவது புதிதாய்ச் சேர்ந்த பொருளன்று. இருந்த பொருளொன்று இல்லாமற் போனமையேயாம்.

இக்குறை ஒன்றினாலேயே பறவை துன்புறும் என்று கூறுதல் பொருந்தாது. நீலக்கிளியும் உண்கிறது, பாடுகிறது, குஞ்சு பொரிக்கிறது. துன்பம் வருவது வேறு வழியிலே. தாய் தந்தை இருவரிடமும் நீலத்தின் கூறு மறைந்தேனும் இருந்தாலன்றி நீலக்குஞ்சு பிறவாது. அவ்வாறு மறைத்துவைத்திருக்கும் பச்சை இணைக்குப் பிறப்பனவற்றுள் சராசரி நான்கில் ஒன்றே நீலமாகும். இதனை விரைந்து பெருக்க விழைவோர் தந்தையை மகளோடும் உடன்பிறந்தவற்றைத் தம்முள்ளும் இணைக்கின்றனர். அப்பொழுது, விரும்பிய நிறத்தோடு விரும்பாத நோய்களும் வெளிப்படுகின்றன. பரிசுக் கண்காட்சிக்கென வளர்க்கப்படும் பட்ஜரிகர்களிடையே ஓயாது இறகு வளரும் குஞ்சுகள் சில பிறப்பதுண்டு. அவ்விறகு கண்ணை மறைக்கும், பறக்கவொட்டாது, அவை இளமையிலேயே மடியும்.

வேற்றினக் கலப்பின் செய்தி இதனினும் எண்ணத்தக்கது. ஆப்பிரிக்காவின் லவ்பேர்ட் கிளிகளுள் செம்முகக் கிளியின் பெண், கூட்டுக்குரிய கீற்றுகளைத் தன் பின்புற இறகுகளுக்கிடையே செருகிக்கொண்டு பறக்கும். பிஷர் கிளி அலகிலே கவ்விச் செல்லும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து வில்லியம் டில்கர் இவ்விரண்டையும் கலந்து பிறப்பித்த பறவைகளை ஆராய்ந்து, 1962 இல் எழுதினார். அப்பறவைகள் கீற்றைச் செருக முயலும், செருகியது நழுவும், மீண்டும் முயலும். அலகிலே கொண்டுசெல்லப் பழக ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின. அதன் பின்னரும் தலையைப் பின்புறம் திருப்பும் பழக்கம் முற்றும் ஒழியவில்லை. இவ்வளவு பாடுபட்டும் அவற்றுக்குக் குஞ்சு பொரிக்கும் பேறு இல்லை, அவை மலடு.

இதனைக் கேட்டு, "பார்த்தீரோ, கலப்பு தீதென்று கிளியே கூறுகிறது, சாதி விட்டு மணப்பதும் அத்தகையதே" என்பாரும் உளர். அவர் கூற்று அறியாமையின் பாற்பட்டது. செம்முகக் கிளியும் பிஷர் கிளியும் இருவேறு இனங்கள். மக்களோ ஓரினமே, சாதி என்பது பிறப்பின் அமைப்பன்று, மனிதர் வகுத்த வேலி. நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைத்தல் நோயை வெளிப்படுத்தும் என்ற மற்றை உண்மையை அவர் எடுத்துக் கூறாமையும் நோக்கத்தக்கது.

மற்றுஞ் சிலர், "நெல்லையும் பசுவையும் மனிதன் தன் விருப்பிற்கேற்ப மாற்றவில்லையோ?" என வினவுவர். மாற்றினான், உண்மையே. ஆயின், பசிக்கு உணவு தேடுவதும், கூடத்தில் தொங்கும் கூண்டிற்கு நிறம் தேடுவதும் ஒரு தட்டில் வைத்து நிறுக்கத்தக்கன அல்ல. தேவை பெரிதாயினும் உயிரை வதைத்தல் வருந்தத்தக்கதே. வெறும் வேடிக்கையாயின் அதற்குச் சொல்லத்தக்க காரணம் யாது?

ஆதலின், நிறமும் தீதன்று, கலப்பும் தன்னளவில் தீதன்று. நம் இன்பத்தின் சுமையைத் தாங்குவது யார் என்பதே கேட்கத்தக்க கேள்வி. பறவை நம்மோடு உடன்படிக்கை செய்துகொள்ளவில்லை. மறுத்துரைக்க அதற்கு வாயுமில்லை. வாயிலா உயிரின் சார்பில் வழக்குரைக்கும் கடமை அதனை வாங்குவோனுக்கே உரியது. கிளி வளர்க்க விழையும் அன்பர்கள், "இதன் நிறம் யாது?" என்று கேட்கு முன்னர், "இதன் பெற்றோர் யாவை? இது நன்கு பறக்குமா? இதனோடு பிறந்தவை யாவும் பிழைத்தனவா?" என்று கேட்பார்களாக. வாங்குவோர் இவ்வாறு கேட்கத் தொடங்கின், விற்போர் விடைகூறக் கற்றுக்கொள்வர்.