மூன்று நாள், மூன்று கோயில்



விடுமுறை நெருங்கினாலே வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். எங்கே போகலாம், எத்தனை பேர், கார் பேசிக்கொள்ளலாமா, இல்லை ஏதாவது டூர் பஸ்ஸில் ஏறிவிடலாமா? டூர் பஸ்ஸைக் குறை சொல்ல நான் வரவில்லை. கும்பகோணத்திலிருந்து அரசுப் பேருந்திலேயே ஒரே நாளில் நவகிரகத் தலங்கள் ஒன்பதையும் தரிசித்துத் திரும்பலாம். ஒன்பது சந்நிதியிலும் நின்று கும்பிட வேண்டும் என்று நேர்ந்துகொண்டு போகிறவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. நடை திறப்பதும் சாத்துவதும் தெரிந்தவர்கள் போட்ட வரிசை அது. ஆனால், ஒரு சிற்பத்துக்கு முன்னால் அரைமணி நேரம் நிற்க ஆசைப்படுகிற ஒருவருக்காக அந்தப் பஸ் காத்திருக்க முடியாது. அந்த ஆசை உள்ளவர்கள் தங்கள் பயணத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஒரு தாள், ஒரு பென்சில், வீட்டாரோடு உட்கார ஒரு மாலை நேரம் இருந்தால் போதும்.

பெரும்பாலும் நாம் ஊர்ப் பெயர்களை அடுக்கிக்கொண்டு தொடங்குகிறோம். யாரோ ஒருவர், “அவ்வளவு தூரம் போய்விட்டு அதைப் பார்க்காமல் வரலாமா?” என்பார். பட்டியல் நீளும். கடைசியில் மூன்று நாளில் பதினைந்து இடம். எல்லாவற்றையும் பார்த்தோம், எதுவும் மனத்தில் நிற்கவில்லை என்று ஆகிவிடும். என்னைக் கேட்டால், ஊரைத் தேர்வதற்கு முன்னால் ஒரு கேள்வியைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்பேன். எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம்? அதற்குப் பதில் இருந்தால் எந்த ஊர் வேண்டும், எது வேண்டாம் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம். யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் தஞ்சாவூர் 1987இல் சேர்ந்தது. மற்ற இரண்டும் 2004இல் அதோடு இணைந்தன. பெரிய கோயிலை ராஜராஜன் 1010இல் கட்டி முடித்தான். ஏறத்தாழ 25 ஆண்டு கழித்து, அவன் மகன் ராஜேந்திரன் தன் புதுத் தலைநகரில் இன்னொரு பெரிய கோயிலை எழுப்பினான். தாராசுரம் அதற்கும் நூறாண்டுக்குப் பின், இரண்டாம் ராஜராஜன் காலத்தது. இப்போது கேள்வியைக் கேளுங்கள். அப்பா கட்டியதற்கும் பிள்ளை கட்டியதற்கும் என்ன வித்தியாசம்? அதற்குப் பின் வந்தவன் ஏன் அளவைக் குறைத்துக்கொண்டு நுணுக்கத்துக்குப் போனான்?

இந்தக் கேள்வி கையில் இருந்தால் மூன்றையும் கட்டிய வரிசையிலேயே பார்க்க வேண்டும் என்று தோன்றும். சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு அந்த வரிசை வழிக்கும் பொருந்துகிறது. இரவு கிளம்பும் உழவன் எக்ஸ்பிரஸ் மாயவரம், கும்பகோணம் வழியாக வந்து தஞ்சாவூரில் முடிகிறது. கடைசி நிறுத்தம் என்பதால் இறங்கும் ஊர் தவறிவிடுமோ என்ற பயமில்லாமல் தூங்கலாம். விடிகிற நேரத்தில் இறங்கி, முகம் கழுவி, ஒரு காபி குடித்துவிட்டுக் கோயிலுக்குள் போய்விடலாம். பெரிய கோயிலின் முற்றத்தில் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். பதினொரு மணி வெயிலில் அந்தத் தளத்தில் குழந்தைகள் துள்ளி ஓடுவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். காலையில் கல் குளிர்ந்திருக்கும். கேரளாந்தகன் வாசலைக் கடந்து, ராஜராஜன் வாசலையும் கடந்து உள்ளே போகும்போது கிழக்கு வெளிச்சம் நேராக விமானத்தின் மேல் விழும். 216 அடி என்று படித்திருப்போம். அது என்ன உயரம் என்பது அங்கே நின்று கழுத்தை நிமிர்த்தும்போதுதான் தெரியும்.

பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க நான்கு மணி ஆகும். தமிழ்நாட்டில் கோயில் பயணம் வகுக்கிறவர்கள் முதலில் தாளில் எழுதிக்கொள்ள வேண்டியது இந்த மூன்றரை மணி நேரத்தைத்தான். அந்த நேரத்தில் மூடிய கதவின் முன் போய் நிற்காமல், ஊர் மாறலாம், சாப்பிடலாம், தூங்கலாம். தஞ்சையிலிருந்து கும்பகோணம் 40 கிலோமீட்டர். அந்த மதியத்திலேயே அங்கே போய் அறை எடுத்துவிட்டால், மீதி இரண்டு நாளும் பெட்டியைத் தூக்க வேண்டாம். பலர் தஞ்சாவூரிலேயே தங்கிவிடுகிறார்கள். அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம் 70 கிலோமீட்டர், கும்பகோணத்திலிருந்தோ அதில் பாதிதான்; தாராசுரமோ ஊரை ஒட்டியே இருக்கிறது.

இரண்டாம் நாள் காலை அணைக்கரை வழியாகக் கொள்ளிடத்தைத் தாண்டிப் போக வேண்டும். பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய கீழணை அங்கேதான் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் போகிற மாதமாக இருந்தால் அங்கே வண்டியை ஓரங்கட்டிச் சற்று நேரம் நிற்பது நல்லது. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போனதும் விமானத்தைப் பாருங்கள். தஞ்சை விமானம் நேர்கோட்டில் ஏறி முனைக்குப் போகிறது. இங்கே அந்தக் கோடு உள்வாங்கி வளைகிறது. மகன் கோயில் அப்பா கோயிலைவிட உயரம் குறைவு. அதற்குக் காரணம் பணிவு என்பவர்கள் உண்டு. எனக்கு அதைவிட, அவன் வேறோர் அழகைத் தேடினான் என்று தோன்றுகிறது. வடக்குப் படிக்கட்டின் அருகே, பார்வதியோடு அமர்ந்த சிவன், கைகூப்பி அமர்ந்திருக்கும் அடியார் சண்டேசரின் தலையில் பூமாலையைச் சுற்றுகிற சிற்பம் இருக்கிறது. அந்த விரல்களைப் பாருங்கள். ஒரு தகப்பன் பிள்ளைக்குத் தலைவாரி விடும்போது இருக்கும் கவனம் அந்த விரல்களில் தெரியும். ராஜேந்திரனுக்கே இறைவன் முடிசூட்டுவதாக இதைச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அரைமணி நேரம் என்று முதலில் சொன்னேனே, அது இதற்காகத்தான்.

அன்று மாலைக்குத் தாளில் எதையும் எழுதாதீர்கள். காலியாகவே விடுங்கள். அம்மாவுக்கு நாச்சியார்கோவில் கல் கருடனைப் பார்க்க வேண்டும் என்று இருக்கும். பிள்ளைகளுக்கு மகாமகக் குளத்துப் படியில் உட்கார்ந்தால் போதும் என்று இருக்கும். இல்லை, எங்கும் போகாமல் இட்லிக்குக் கடப்பா ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடலாம். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த அந்தக் கடப்பாவை எல்லா ஊரிலும் இப்படிச் செய்ய மாட்டார்கள்.

மூன்றாம் நாள் தாராசுரத்தில் கண்ணைக் கீழே இறக்க வேண்டும். ஓரடிக்குள் அடங்கிவிடுகிற சிற்பங்கள் அங்கே ஏராளம். அறுபத்து மூவர் கதைகள் கோயிலின் அடிப்பகுதியில் சிறுசிறு காட்சிகளாக ஓடுகின்றன. ஒரே தலை, ஒருபக்கம் மறைத்தால் யானை, மறுபக்கம் மறைத்தால் காளை. ரிஷப குஞ்சரம் என்று சொல்லும் அந்தச் சிற்பத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் காட்டிக்கொடுக்க வேண்டாம். நடை சாத்தியதும் சுவாமிமலைக்குப் போங்கள், பக்கம்தான். முருகன் கோயிலுக்கு 60 படி உண்டு. அந்தக் கோயிலைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொண்டு, மதியம் ஸ்தபதிகளின் பட்டறைக்குப் போகலாம். கோயில் மூடியிருக்கும் அந்த நேரத்திலும் பட்டறையில் வேலை நடக்கும். மெழுகில் உருவத்தைச் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வடியவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். சிலையை எடுக்க அச்சை உடைத்தாக வேண்டும். அதனால் ஓர் அச்சுக்கு ஒரே சிலைதான். அனுமதி கேட்டு, ஓரமாக நின்று பார்த்தால், பெரும்பாலும் அவர்களே கூப்பிட்டு விளக்குவார்கள்.

இனி நாள் குறிப்பது. ஐப்பசி சதயம் ராஜராஜன் பிறந்த நாள், தஞ்சையில் விழா. ஐப்பசிப் பௌர்ணமிக்குக் கங்கைகொண்ட சோழபுரத்தில் அன்னாபிஷேகம். இவற்றைக் காணத்தான் போகிறீர்கள் என்றால் கூட்டத்துக்கும் மழைக்கும் தயாராகப் போங்கள். சிற்பம் பார்க்க வேண்டுமென்றால் அந்த நாட்களையும், பெரிய நந்திக்கு அபிஷேகம் நடக்கும் பிரதோஷ மாலையையும் தவிர்த்துவிடலாம். நல்ல முகூர்த்த நாளில் கும்பகோணத்தில் அறை கிடைப்பது கடினம். காலண்டரை ஒரு தடவை புரட்டிவிடுங்கள். என் விருப்பம் தை மாதம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, சம்பா கதிர் முற்றிச் சாய்ந்திருக்கும்.

அந்த மாதத்துக்கு ரயில் டிக்கெட் வேண்டுமானால் இப்போதே நாளை எண்ணத் தொடங்குங்கள். முன்பு 120 நாளுக்கு முன்பே பதிவு செய்யலாம். 2024 நவம்பரிலிருந்து அது 60 நாளாகிவிட்டது. காலை எட்டு மணிக்குப் பதிவு திறக்கும். பொங்கலை ஒட்டிய நாட்களில் படுக்கைகள் மளமளவென்று தீர்ந்துவிடும். போகும்போது தஞ்சாவூருக்கும், திரும்பும்போது கும்பகோணத்திலிருந்தும் எடுங்கள். பழக்கத்தில் இரண்டுக்கும் தஞ்சாவூர் என்றே எழுதிவிட்டால், கடைசி நாள் மாலை, சுவாமிமலையில் விளக்கேற்றும் நேரத்தில், அத்தனை பேரும் பெட்டியோடு 40 கிலோமீட்டர் திரும்பிப் போக வேண்டியிருக்கும்.