கொம்பில்லாத ஆடும் விற்பவர் கடமையும்

ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாட்களுக்கு முன், லப்பைக்குடிக்காட்டை அடுத்த சிற்றூரில் ஆடு வளர்க்கும் அன்பர் ஒருவர் நம்மிடம் வந்தார். அவர் பட்டியில் பெட்டையென்று வளர்ந்த வெள்ளாடு ஒன்று இரண்டு வயது கடந்தும் சினைப்படவில்லை. கொம்பில்லை, கிடாயின் வாடை வீசுகிறது, மற்றப் பெட்டைகளைத் துரத்துகிறது. உடலோ கொழுத்திருக்கிறது. "குர்பானிக்கு ஆகுமா, ஹழ்ரத்? விற்கும்போது சொல்லத்தான் வேண்டுமா?" என்று கேட்டார்.

முதல் வினாவுக்கு நூல்களில் விடையுண்டு. ஆணென்றும் பெண்ணென்றும் அறுதியிட இயலாததை நம் மார்க்கச் சட்டம் குன்ஸா என்கிறது. ஆணோ பெண்ணோ எதுவாயினும் குர்பானிக்கு ஏற்றதே. ஆகவே இதுவும் கூடும் என்பது ஷாஃபிஈ வழி. இமாம் நவவி (ரஹ்) தம் மஜ்மூஃவில் இதைச் சொல்கிறார்கள். ஹனஃபிகளின் துர்ருல் முக்தாரோ கூடாது என்கிறது. காரணம் பாலன்று, இறைச்சி வேகாது என்பதே.

இரண்டாம் வினாவே நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. அதற்குமுன் இன்றைய அறிவியல் கூறுவதையும் அறிதல் நலம். கொம்பின்மைக்கும் இந்நிலைக்கும் தொடர்புண்டு என்பதை 1940களிலேயே ஆய்வாளர் கண்டனர். 2001இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெள்ளாட்டின் முதல் குரோமோசோமில் ஏறத்தாழ 11,700 எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் கண்டறிந்தார்கள். அவ்விடத்தில் அதே குரோமோசோமின் வேறொரு பெரும்பகுதியின் படி வந்து ஒட்டியிருப்பது 2020இல் தெளிவாயிற்று. இம்மாற்றம் தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கொம்பு முளைக்காது, வேறு குறையில்லை. இருவரிடமிருந்தும் வந்தாலோ, பெண்ணாகக் கருவுற்ற குட்டி ஆணின் சாயல் கொண்டு மலடாகிறது. ஆணுக்குரிய குரோமோசோம் அதனுடலில் இராது. ஒற்றை மாற்றமுடைய கிடாயையும் பெட்டையையும் சேர்த்தால், பெண்ணாகக் கருவுறும் குட்டிகளில் நான்கில் ஒன்று இவ்வாறாகலாம். (இரட்டைக் கருவில் உடன்பிறந்த ஆண்குட்டியின் இரத்தம் கலந்தும் இத்தகைய நிலை நேர்வதுண்டு, அது வேறு.) சிறிது இரத்தம் எடுத்து மரபணுவைச் சோதித்தால் உண்மை வெளிப்படும். ஓர் ஆட்டுக்காக அச்சோதனையை நாடுவோர் நம் பெரம்பலூர், அரியலூர்க் கிராமங்களில் யார்? ஆயினும் கொம்பில்லாமையைக் காண ஆய்வுக்கூடம் வேண்டியதில்லையே!

அன்பர் தம் நியாயத்தைச் சொன்னார்: "நானா இதை இப்படிப் படைத்தேன்?" உண்மைதான். ஆனால் மதீனத்துக் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டபோது ஈரம் தட்டிற்று. மழையில் நனைந்தது என்றார் வணிகர். மழையும் அவர் செயலன்று. எனினும் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்றே அவர்கள் கேட்டார்கள். குறை யாரால் வந்தது என்பதன்று, யாருக்குத் தெரியும் என்பதே அங்கே வழக்கு. நம் வட்டாரத்துச் சந்தையில் வாங்குபவர் எந்த மத்ஹபினர் என்பதை விற்பவர் அறியார். ஹனஃபி ஒருவர் அறியாமல் வாங்கினால், அவர் மத்ஹபின்படி நிறைவேறாத குர்பானிக்குப் பணம் பெற்றவராகிறார் இவர்.

இன்னொன்றையும் நாம் அவரிடம் கேட்டோம்: அதன் தந்தைக்குக் கொம்புண்டா? இல்லையாம். தாய்க்கும் இல்லை. வேலியில் சிக்காது, பிள்ளைகளை முட்டாது என்பதற்காக அவரே தேர்ந்து சேர்த்த இணை. முதற்குட்டி அறியாமல் பிறந்தது. அதில் அவர்மீது குற்றமில்லை. காரணம் தெரிந்தபின் அதே இணையைச் சேர்ப்பவர் மழையைக் காட்டித் தப்ப முடியுமா?

அன்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ஷாஃபிஈக் குடும்பம் ஒன்றுக்கு விவரத்தைச் சொல்லியே, வியாபாரி கேட்டதைவிடக் குறைந்த விலைக்கு ஆட்டைக் கொடுத்தார். இப்போது கொம்புள்ள கிடாய் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறார்.