பட்டியலில் ஒரு கோபுரம்

திருவண்ணாமலைப் பிள்ளைகளின் கல்விச் சுற்றுலா என்றால் சாத்தனூர் அணையும் செஞ்சிக் கோட்டையும் எவர்க்கும் உடன்பாடே. பட்டியலில் அண்ணாமலையார் திருக்கோயில் சேரும்போதுதான், "சாமி, என் மகளை அனுப்பலாமா?" என்று நம் தாய்மார் கலங்குகின்றனர். இக்கலக்கத்தை எள்ளுதல் தகாது. மகளின் விசுவாசம் குலையலாகாதே என்னும் அன்பில் பிறந்த கேள்வி அது.

ஆயினும் காண்பது வேறு, வணங்குவது வேறு. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் நிறைவு செய்த 217 அடி இராசகோபுரம், நம் பிள்ளைகள் அன்றாடம் நிமிர்ந்து பார்க்கும் ஒன்று. அதன் வரலாற்றை அறிவது கல்வி. வழிபாட்டில் பங்கேற்பது மனச்சான்றைச் சார்ந்தது. முன்னதை மறுக்கலாகாது, பின்னதை எப்பள்ளியும் எக்குழந்தை மீதும் சுமத்தலாகாது.

ஏதென்ஸ் நகரில் சிலைகளைக் கண்டு புனித பவுலடியாரின் உள்ளம் கொதித்தது. எனினும் அவர் கண்களை மூடிக்கொள்ளவில்லை. அம்மக்களின் தொழுகையிடங்களை உற்று நோக்கினார். அறியாத கடவுளுக்கென்றிருந்த பீடத்தைச் சுட்டியே நற்செய்தியைத் தொடங்கினார். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதனையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் அறிக்கையிட்டது.

வேளாங்கண்ணியில் அன்னையை நாடிவரும் இந்துச் சகோதரரை மகிழ்ந்து வரவேற்கிறோம். அயலாரின் வாயிலில் மட்டும் நாம் அஞ்சி நிற்பது முறையாகுமா?

தாய்மாரே, அனுப்புங்கள். முந்தின இரவு மகளோடு அமர்ந்து செபியுங்கள். நாம் விசுவசிப்பது யாது என்பதை எடுத்துரையுங்கள். நாம் சொல்லத் தவறியதை, சுற்றுலாவைத் தடுத்து ஈடுசெய்ய இயலாது.