தோல்வியறியா வீரன்

தோல்வியே காணாத குத்துச்சண்டை வீரனைச் சிறந்தோர் வரிசையில் எங்கே வைப்பது? ஈப்போ நகரத்துக் கடைகளிலும் தோட்டத்து லயங்களிலும் இவ்வினா எழுமாயின், "தோற்காதவனே முதல்வன், இதில் ஆராய என்ன உண்டு?" என்பர் பலர். அமெரிக்க வீரர் ராக்கி மார்சியானோ 49 போட்டிகளிலும் வென்று 1956இல் ஓய்வு பெற்றதைச் சான்று காட்டுவர்.

நண்பர்களே, வாளி நிறைந்திருப்பதைக் கண்ட மாத்திரத்தில் ரப்பர்ப் பாலுக்குக் கணக்கெழுதியதுண்டா? நீர் எவ்வளவு கலந்துள்ளதென்று சோதித்த பின்னரன்றோ கிராணி எழுதினார்! வெற்றிக் கணக்கையும் அவ்வாறே சோதித்தல் வேண்டும். எவரை வென்றான் என்பது முதற் சோதனை. எவரோடு பொர மறுத்தான் என்பது அதனினும் பெரிய சோதனை.

ஜிம் ஜெஃப்ரீஸ் என்பார் 1899 முதல் 1905 வரை ஹெவிவெயிட் உலகப் பட்டத்தைத் தாங்கி, தோல்வியின்றி விலகினார். ஆனால், பட்டம் பெற்ற பின் கறுப்பின வீரர் ஒருவருக்கேனும் அதற்குப் போட்டியிட அவர் இடமளித்தாரில்லை. 1908இல் கறுப்பினத்து ஜாக் ஜான்சன் அப்பட்டத்தை வென்றார். வெள்ளையர் மானத்தைக் காக்கவென்று அழைக்கப்பட்ட ஜெஃப்ரீஸ், 1910 ஜூலை 4ஆம் நாள் ரீனோ நகரில் ஜான்சனை எதிர்த்து 15ஆம் சுற்றில் வீழ்ந்தார். ஐந்தாண்டுக்கு மேல் ஓய்ந்திருந்த உடல் என்று அவருக்காகப் பரிந்து பேசலாம். உரிய காலத்தில் கதவை அடைத்தவர் எவர்?

அதே ஆண்டு மல்யுத்தத்தில் இதற்கு மாறான காட்சியொன்று நிகழ்ந்தது. இந்திய மல்லர் காமா லண்டன் சென்று, எவரும் வருக என அறைகூவினார். செப்டம்பரில் போலந்து மல்லர் ஸிபிஸ்கோ இரண்டு மணி நேரத்திற்கு மேல் தரையோடு ஒட்டிக் கிடந்து தோல்வியைத் தவிர்த்தார். மறுபடியும் குறித்த நாளில் வந்தாரில்லை. 1928இல் பாட்டியாலாவில் மீண்டும் எதிர்த்தவர், ஒரு நிமிடத்திற்குள் வீழ்ந்தார். காமாவின் பெருமை, தோல்வியின்மையில் மட்டுமன்று, திறந்த கதவிலும் உள்ளது.

மார்சியானோ நிறம் பார்த்து எவரையும் விலக்கினாரல்லர். வால்காட், சார்லஸ், மூர் ஆகிய கறுப்பின வீரர்களை எதிர்த்தே வென்றார். எனினும் 1951இல் அவரிடம் வீழ்ந்த ஜோ லூயிக்கு வயது 37. ஆகவே சிறந்தோருள் அவருக்கு இடம் உறுதி. முதலிடத்தை 49 என்னும் எண் மட்டும் வழங்கிவிடாது. 1943இல் லாமோட்டாவிடம் தோற்ற சுகர் ரே ராபின்சன், அவரையே ஆறுமுறை சந்தித்து ஐந்துமுறை வென்றாரன்றோ? அவரையே முதல்வரென்பார் பலர்.

பிறப்பைக் காட்டிப் பிறரைப் பள்ளியினின்றும் பதவியினின்றும் விலக்கி வைத்துவிட்டு, "எம் குலமே அறிவிற் சிறந்தது" என்று மார்தட்டுவோரும் தோல்வியறியாதவரே! முதலில் களத்தை அனைவருக்கும் திறந்துவிடுக. அதன் பின்னர் வெற்றிகளை எண்ணுவோம்.