"நிச்சயமா?" என்று கேட்காத கருவி

எங்கள் வார இறுதி டியூஷன் வகுப்பின் மாணவர் பட்டியல் ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள வந்த மூன்று தம்பிகளுக்கு நான்தான் பிஎஸ்க்யூஎல் போட்டுக் கொடுத்தேன். தரவுத்தளம் வேறு கணினியில் ஓடுகிறது. இவர்களுக்கு அதோடு பேசும் கிளையண்ட் மட்டும் போதும்.

உபுண்டுவில் ஒரே வரி, முடிந்தது. மேக்கில் ஹோம்ப்ரூ வழியாக லிப்பிக்யூ இறக்கினோம். பிஎஸ்க்யூஎல் என்று தட்டினால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. உள்ளே இருக்கிறது, ஆனால் பாத்தில் இல்லை. விண்டோஸில் சர்வர் டிக்கை எடுத்துவிட்டு, கமாண்ட் லைன் டூல்ஸை மட்டும் நிறுவி, பாத்தைக் கையால் சேர்த்தோம்.

"எதுக்குண்ணே இந்தப் பாத்து?" என்று மேக் தம்பி கேட்டான். "அதெல்லாம் அப்புறம். இந்த வரிய காப்பி பண்ணி ஒட்டு" என்றேன். நேரம் மிச்சமாகட்டும் என்று மூவருக்கும் என்னுடைய முழு அதிகாரக் கணக்கையே கொடுத்தேன்.

அடுத்த வாரம் அவன் ஒரு மாணவியின் பெயரை நீக்கப் போய், டெலீட் கட்டளையில் 'வேர்' பகுதியை விட்டுவிட்டான். பிஎஸ்க்யூஎல் "நிச்சயமா?" என்று கேட்காது. 'பிகின்' போட்டுத் தொடங்காவிட்டால் ஒவ்வொரு கட்டளையும் அப்போதே நிலைத்துவிடும். ரோல்பேக்குக்கு எதுவும் மிஞ்சாது. பட்டியல் காலி. பேக்கப்பும் இல்லை. பழைய பாரங்களைத் தேடி இரண்டு இரவு தட்டச்சு செய்தோம். சில பிள்ளைகளின் பெற்றோர் எண் கிடைக்கவே இல்லை.

தப்பு யாருடையது? கருவியைத் திட்ட மனம் வரவில்லை. கேள்வி கேட்காமல் பணிவது ஒருவகை மரியாதைதான்: செய்வதை அறிந்தே செய்கிறாய் என்று அது நம்மை நம்புகிறது. முழு அதிகாரத்தோடு நுழைந்தால் வரியின் முனையில் ஹேஷ் குறி, சாதாரணப் பயனருக்கு அம்புமுனைக் குறி என்று அடையாளமும் காட்டுகிறது. அந்தக் குறிக்கு என்ன பொருள் என்று நான் சொல்லவே இல்லை. சொல்லித்தராமல் வைக்கும் நம்பிக்கை மரியாதை ஆகாது. அது கைவிடுவது.

அப்படியென்றால் எல்லாவற்றையும் புரிந்துகொண்டுதான் தொட வேண்டுமா? அப்படிப் பார்த்தால் நானும் எதையும் தொட முடியாது. அளவுகோல் வேறு: தவறினால் இழப்பு யாருக்கு? தன்னுடையது போகும் என்றால் தம்பி தாராளமாக விளையாடலாம். இங்கே போனது அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் பெயர்கள்.

இப்போது புதிதாக வருபவருக்கு முதலில் படிக்க மட்டும் அனுமதி. பிறகு ஒரு சோதனை அட்டவணையில் 'பிகின்', டெலீட், ரோல்பேக். அரை மணிநேரம் கூடுதலாகப் போகிறது. "எதுக்குண்ணே?" என்று கேட்டால், உட்கார்ந்து பதில் சொல்கிறேன்.