வேலை யாருக்குப் பள்ளிக்கூடம்?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஒரு பழமொழி உண்டு. இதை யார் யாரிடம் சொன்னார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஏடு வைத்திருந்தவன் ஏட்டை ஒருநாளும் விட்டுக் கொடுத்ததில்லை. தன் பிள்ளை கையில் ஏட்டைக் கொடுத்துவிட்டு, நம்ம பிள்ளையைப் பார்த்து, 'சுரைக்காய வெளைய வைக்கிறதுதாண்டா நெசமான படிப்பு' என்று சொன்னான்.

இன்றைக்கு அதே சங்கதி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. 'படிப்பு பள்ளிக்கூடத்தோடு முடிவதில்லை, வேலையும் ஒரு பள்ளிக்கூடம்தான், சாகிற வரைக்கும் படித்துக்கொண்டே இருக்கலாம்' என்கிறார்கள். பயிற்சி முகாம்களில் பேசுகிறார்கள், மேடைகளில் பேசுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. இதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் இது யாருக்கு உண்மை, எப்போது உண்மை என்று பிரித்துப் பார்க்காமல் நாம் தலையாட்ட முடியாது. ஏனென்றால் இந்த வார்த்தையால் ஒரு தடவை நம் பள்ளிக்கூடத்தில் பாதியைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

1953இல் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த ராஜாஜி ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கிராமப் பள்ளிகளில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் பாடம். மீதி நேரத்தில் பிள்ளைகள் அப்பன் ஆத்தாள் செய்கிற தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டி பெரியார் எதிர்த்தார். 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதம் திட்டம் போய்ச் சேர்ந்தது. இதில் கவனிக்க வேண்டியது, திட்டத்தை ஆதரித்தவர்கள் யாரும் கெட்ட வார்த்தை பேசவில்லை என்பது. உழைப்பின் மேன்மை என்றார்கள். கைத்தொழிலின் பெருமை என்றார்கள். சரி, சேரிப் பிள்ளை அந்த மீதி நேரத்தில் எதைக் கற்றிருக்கும்? செத்த மாட்டைத் தூக்கவும், சாவுச் சேதி சொல்லவும், பண்ணையார் வீட்டுத் தொழுவம் கூட்டவும்தானே?

எழுபது வருசம் கழித்து, 2023 செப்டம்பர் 17இல், ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 கைத்தொழில்கள், பயிற்சி, கருவி, கடன். தொழில் குடும்ப வழியில் வந்ததாக இருக்க வேண்டும். 18 வயது ஆகியிருந்தால் போதும். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு இதை இந்த வடிவில் ஏற்க முடியாது என்று எழுதியது. குடும்பத் தொழில் என்கிற நிபந்தனையை எடுங்கள், வயதை 35 ஆக்குங்கள் என்று கேட்டது. ஏன் 35? 18 வயசுப் பிள்ளை கல்லூரி வாசலில் நிற்க வேண்டிய பிள்ளை. அந்த வாசலில் வைத்து அவன் கையில் அப்பனின் உளியைக் கொடுத்தால் அவன் எந்தப் பக்கம் போவான் என்று சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்குப் பிறகு வேலை என்பது ஒன்று. பள்ளிக்குப் பதிலாக வேலை என்பது வேறொன்று. ஆள்கிறவர்கள் முன்னதன் பேரைச் சொல்லிப் பின்னதைக் கொடுக்கிறார்கள்.

அப்படியானால் வேலை எதையும் கற்றுத் தருவதில்லையா? தருகிறது. நான் பிறந்து வளர்ந்த ஊரையும் வீட்டையும் வைத்தே சொல்கிறேன்.

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறுகிற மலை ரயிலில் வெலிங்டனுக்கு அடுத்த நிறுத்தம் அருவங்காடு. ஊர் என்றாலே கார்டைட் பேக்டரிதான். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரன் கட்டிய வெடிமருந்து ஆலை. 2021 அக்டோபர் 1 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. அந்தக் காலத்து கார்டைட் என்பது வெடிமருந்தாக்கிய பஞ்சையும் நைட்ரோகிளிசரினையும் அசிட்டோன் விட்டுப் பிசைந்து, கொஞ்சம் வாசலின் சேர்த்து, இடியாப்பம் மாதிரி கயிறு கயிறாகப் பிழிந்தெடுக்கிற மருந்து. கயிறு என்பதற்கான ஆங்கிலச் சொல்லிலிருந்துதான் அந்தப் பேரே வந்தது. கொல்வதற்கான மருந்தைச் செய்யலாமா என்பது பெரிய கேள்வி, அதைத் தனியாகப் பேச வேண்டும். இங்கே பேசுவது அதைச் செய்கிறவர் எப்படிக் கற்கிறார் என்பதை.

எங்க அப்பா அங்கே வேலை பார்த்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனால் வேலைக்குப் போன பிறகு படித்தார். வெடிமருந்து வேலையில் 'சொன்னதச் செய்யி' என்பது மட்டும் போதாது. இரும்புச் சுத்தியல் ஏன் ஆகாது, ஆணி அடித்த செருப்பு ஏன் ஆகாது, நைலான் துணி ஏன் ஆகாது, கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே மண்மேடு எதற்கு, ஒரு கட்டடத்துக்குள் இத்தனை ஆள், இத்தனை கிலோ மருந்துதான் என்று வாசலிலேயே எழுதி வைப்பது எதற்கு? இந்தக் காரணங்கள் தெரியாத ஒருத்தன் உள்ளே இருந்தால் அவனுக்கும் ஆபத்து, மேலதிகாரிக்கும் ஆபத்து. அதனால் காரணம் சொல்லித்தான் தீர வேண்டியிருந்தது. உழைக்கிறவன் மேல் வைத்த கருணை இதற்குக் காரணமில்லை. சாவுக்குச் சாதி தெரியாது என்கிற பயம்தான் காரணம்.

கற்றதற்கு அங்கே ஒரு ஏணியும் இருந்தது. லேபர், செமி ஸ்கில்டு, ஸ்கில்டு, ஹைலி ஸ்கில்டு என்று படிகள். மேலே ஏற டிரேடு டெஸ்ட் எழுத வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் என் அரைப்பரீட்சை நோட்டுக்குப் பக்கத்தில் அப்பாவின் நோட்டும் விரிந்து கிடக்கும். எட்டாவதில் விட்ட பேனாவை அவர் திரும்பப் பிடித்தது அந்த டெஸ்டுக்காகத்தான்.

அதே வீட்டில்தான் அம்மாவும் இருந்தது. அம்மா சிலோனிலிருந்து வந்த குடும்பம். 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தம் 5,25,000 பேரை இங்கே அனுப்புவது என்று எழுதியதே, அந்தக் கணக்கில் ஒரு தலை. ஒரு எஸ்டேட்டில் முப்பது வருசம் கொழுந்து எடுத்தது. ரெண்டு இலையும் ஒரு மொட்டும் என்று நாம் சும்மா சொல்லிவிடுகிறோம். எந்தக் கிளையில் எடுக்கலாம், எதை விட்டால் அடுத்த சுற்றுக்குத் துளிர் வரும், கவ்வாத்து வெட்டின செடியை எத்தனை நாள் தொடக்கூடாது என்பதெல்லாம் அதற்கு விரலில் இருந்தது. மழையும் மூடுபனியும் கட்டி நிற்கிற மாதங்களில் இளம் இலையில் எண்ணெய் தெறித்த மாதிரி ஒரு பொட்டு விழும். 1946இல் தென்னிந்தியத் தேயிலைக்கு வந்த கொப்புள நோயின் முதல் அடையாளம் அது. 'நாளைக்கு இந்தப் பாத்தி பூராவும் கொப்புளிச்சிரும் பாரு' என்று அம்மா சொல்லும். சொன்ன மாதிரியே நடக்கும்.

ஆனால் அம்மாவின் படிப்பு எதில் பதிவானது? தராசில். காலையில் இத்தனை கிலோ, சாயங்காலம் இத்தனை கிலோ. முதல் நாள் கொழுந்துக்காரி, முப்பதாவது வருசமும் கொழுந்துக்காரி. ஏணியே கிடையாது. ஏன் என்று கேட்டால், 'ஏன்னு கேக்க வந்தியா, கொழுந்தெடுக்க வந்தியா' என்று மேஸ்திரி கேட்பாராம்.

ஒரே வீட்டில் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் வேலை கற்றுக் கொடுத்தது. ஒருவருக்கு அது படிப்பு என்று எண்ணப்பட்டது. மற்றவருக்கு எண்ணப்படவில்லை. மூளையிலோ உழைப்பிலோ வித்தியாசம் இல்லை. ஆக, வேலையே பள்ளிக்கூடம் என்று யாராவது சொன்னால் நாம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். அந்த வேலையில் ஏன் என்று கேட்க முடியுமா? கற்றது கற்றவர் பேரில் ஏறுமா? கற்றதை எடுத்துக்கொண்டு அந்த வேலையை விட்டு வெளியே போக முடியுமா?

இரண்டாவது கேள்விக்கு ஒரு உதாரணம். நைட்ரோகிளிசரினைக் கையாண்ட தொழிலாளிகளுக்குத் தலைவலி வரும். வாரம் முழுக்க வேலை செய்தால் உடம்பு பழகிவிடும். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை போனால் மறுபடி மண்டை பிளக்கும். மருத்துவத்தில் இதற்குத் திங்கட்கிழமை நோய் என்றே பேர் உண்டு. ரத்தக் குழாய்களை விரிப்பதால் வருகிற வலி அது. அதே பொருளை 1879இல் வில்லியம் மர்ரெல் என்ற ஆங்கிலேய மருத்துவர் நெஞ்சுவலிக்கு மருந்தாக எழுதினார். இன்றைக்கும் நாக்குக்கு அடியில் வைக்கிறார்கள். மர்ரெல் பேர் நிற்கிறது, நிற்கட்டும். வாராவாரம் தன் மண்டையில் அந்தப் பாடத்தைப் படித்தவர்கள் ஒருவர் பேரும் நிற்கவில்லை. ஆவாரம்பட்டையில் தோலை ஊறப்போட்டுப் பதம் கண்டவன் கதையும் இதுதான். அவன் செய்ததை ரசாயனம் என்று யாரும் சொல்லவில்லை. நாத்தம் என்றார்கள்.

மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றிலும் பெரியது. மலக்குழியில் இறங்குகிறவருக்கும் அறிவு உண்டு. மூடியை எவ்வளவு நேரம் திறந்து வைக்க வேண்டும், எந்த வாடை ஆளைச் சாய்க்கும் என்று அவருக்குத் தெரியும். அதை வாழ்நாள் கல்வி என்று கொண்டாடலாமா? கையால் மலம் அள்ளும் வேலைக்கு எதிராக 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். குழியில் செத்தால் 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் 30 லட்சம் ஆக்கியது. தொகை ஏறுகிறது, சாவு நிற்கவில்லை. இந்த ஒரு படிப்பு நம் தலைமுறையோடு அழிந்துபோக வேண்டும். கற்கக் கூடாத வேலையும் உண்டு என்பதைச் சொல்லாத எந்த உழைப்புத் தத்துவமும் நமக்கு எதிரானது.

இதே நீலகிரியில் நமக்கு முன்னோடிகள் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் இங்கே வளர்ந்தவர். இரட்டைமலை சீனிவாசன் வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கராக இங்கே பத்து வருசம் போல வேலை பார்த்தார். பேரேடு எழுதின அதே கைதான் 1893இல் 'பறையன்' பத்திரிகையை நடத்தியது, 1930இல் வட்டமேசை மாநாட்டுக்குப் போனது. பண்டிதர் வைத்தியம் பார்த்துக்கொண்டே 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். 1891 டிசம்பரில் பண்டிதர் இந்த மலையில் திராவிட மகாஜன சபை மாநாட்டைக் கூட்டியபோது, தீர்மானங்களில் பள்ளிக்கூடமும் இருந்தது, அரசு வேலையும் இருந்தது. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுக்க அவர்கள் இடம் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலையில் கற்பதெல்லாம் பக்கத்தில் இருப்பவர் சொல்லிக் கொடுத்துக் கற்பது. பக்கத்தில் இருப்பவர் சாதி பார்த்தால் அந்தப் பள்ளிக்கூடம் மூடின பள்ளிக்கூடம். கொலம்பியாவில் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசு வேலைக்குப் போன அம்பேத்கருக்கு அந்த ஊரில் தங்க இடம் இல்லை. அவருக்கே அப்படியென்றால், ஆபீசில் டீ குடிக்கப் போகும்போது கூப்பிடாமல் விடப்படுகிற நம் பிள்ளைக்கு வேலை எதைக் கற்றுத் தரும்?

'அப்ப நீங்க கை வேலைய கேவலமா நெனக்கிறீங்களா' என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். கேவலமாக நினைத்தவர்கள் யார் என்பதை ஊர் அறியும். கை வேலையில் இருக்கிற அறிவை அறிவு என்று எழுது, கூலியில் காட்டு, ஏணி வை என்றுதான் கேட்கிறோம். இன்றைக்கு அந்த ஏணியையே உருவுகிறார்கள். நிரந்தர வேலை சுருங்குகிறது. ஒப்பந்தத்தில் பத்து வருசம் ஒரே எந்திரத்தில் நிற்கிறவர் பதிவேட்டில் ஹெல்ப்பராகவே இருக்கிறார். அவரிடம் போய் வாழ்நாள் கல்வி என்று பேசுவது கேலி.

ஆகவே தோழர்களே, முதலில் பிள்ளைகளைப் பள்ளியில் முழு நேரமும், கல்லூரியில் முழு வருசமும் நிறுத்துவோம். அதில் பேரமே கிடையாது. அதற்குப் பிறகு, சங்கம் வைத்திருக்கிறவர்கள் கூலியோடு சேர்த்துப் பயிற்சியையும் சான்றிதழையும் பதவி உயர்வுத் தேர்வையும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கேட்டு வாங்குங்கள். படித்துவிட்டு எழுதுகிற நாம், நம்ம அம்மா அப்பாவுக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதி வைப்போம். நான் அம்மாவிடம் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். எண்ணெய்ப் பொட்டு எந்த இலையில் முதலில் விழும் என்பதுவரை வந்திருக்கிறது. நோட்டின் முதல் பக்கத்தில் அதன் பேரைத்தான் எழுதியிருக்கிறேன்.