காயம் தரும் உரிமை

யாஸ்மின் அஹ்மட்டின் ‘டேலண்டைம்’ படத்தை மூன்று முறை பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு முறையும் மகேஷின் அம்மாமேல் எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்றாவது முறை பெரிய அத்தையோடு உட்கார்ந்து பார்த்தேன். அதன்பிறகு அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

படம் 2009 மார்ச்சில் வெளிவந்தது. யாஸ்மினின் ‘செப்பெட்’ போலவே இதுவும் ஈப்போவில் எடுக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜூலையில் யாஸ்மின் இறந்துவிட்டதால் இதுவே அவருடைய கடைசித் திரைப்படம். கதை எளிமையானது. பள்ளிகளுக்கிடையே ஓர் இசைப்போட்டி. அதில் பாடத் தேர்வாகும் மெலூர் என்ற மலாய்க் கலப்புக் குடும்பத்துப் பெண்ணை மோட்டார் சைக்கிளில் ஒத்திகைக்கு அழைத்துவரும் பொறுப்பு மகேஷ் என்ற தமிழ்ப் பையனுக்கு. அவனுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. அது தெரியாமல் மெலூர் அவனைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்துத் திட்டுகிறாள். தெரிந்தபிறகு காதல் வருகிறது.

இந்தக் காதலுக்குப் பின்னால் இன்னொரு காதல் இருக்கிறது. மகேஷின் தாய்மாமா கணேஷ் இளவயதில் ஒரு முஸ்லிம் பெண்ணை நேசித்துப் பிரிந்தவர். நெடுங்காலம் தனியாக இருந்துவிட்டு, வயது ஏறிய பிறகு ஒரு கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறார். அந்தக் கல்யாண வேளையில் பக்கத்து வீட்டில் ஒரு சாவு. இங்கே கொண்டாட்டம், அங்கே துக்கம். தகராறில் கணேஷ் கொல்லப்படுகிறார். 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயாவின் கம்போங் மேடானில் ஒரு கல்யாணமும் ஒரு சாவும் அருகருகே நடந்ததில் தொடங்கி 6 உயிர்களைக் கொண்டுபோன கலவரத்தை நினைக்காமல் நம்மால் இந்தக் காட்சியைக் கடக்க முடியாது. பிறகுதான் அம்மாவுக்கு மகனின் காதல் தெரியவருகிறது. மெலூரின் வீட்டுக்கே போய் மகனை அடிக்கிறார்.

காயப்பட்ட மனிதர்கள் மறுபடி நேசிக்கக் கற்றுக்கொள்ளும் கதைகள் நமக்குப் பிடிக்கும். தமிழ் சினிமா அதைப் பல விதமாகச் சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்ட கதைகளில் எல்லாம் ஓர் எதிர்பார்ப்பு ஒளிந்திருக்கிறது. காயப்பட்டவர் கடைசியில் மனம் இளக வேண்டும். இளகினால் நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவோம். இளகாவிட்டால் அவர் வில்லன். நானும் அப்படித்தான் மகேஷின் அம்மாவைப் பார்த்தேன். இங்கே என் கேள்வி இதுதான். மறுபடி நேசிக்க வேண்டும் என்ற கடமை காயப்பட்டவருக்கு உண்டா?

பெரிய அத்தை சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பதின்மூன்று வயதிலிருந்து பால்மரம் வெட்டியவர். பிறகு பால்மரங்களை அழித்துச் செம்பனை போட்டார்கள். லயத்தை இடித்தார்கள். இப்போது இரண்டு அறை தாமான் வீட்டில் இருக்கிறார். அந்தப் பால்வெட்டுக் காசில்தான் கடைசித் தம்பியை, என் சித்தப்பாவை, டவுனில் படிக்க வைத்தார். சித்தப்பா ஈப்போவில் வேலைக்குப் போய், உடன் வேலை செய்த மலாய்ப் பெண்ணைக் காதலித்து, மதம் மாறிக் கல்யாணம் செய்துகொண்டார். அத்தை அன்றோடு அவர் பெயரைச் சொல்வதை விட்டார். பழைய பெயரையும் சொல்வதில்லை, புதிய பெயரையும் சொல்வதில்லை.

பாட்டி இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. புந்தோங்கில் அப்பாவின் வீட்டில் கிடத்தியிருந்தோம். சித்தப்பா வந்து பாட்டியின் காலடியில் நின்றார். எங்கள் குடும்பத்தில் தாய்க்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். அவர் மாறிப்போனவர் என்பதால் அப்பா வைத்தார். அவருடைய மனைவி கேட்டுக்கு வெளியே துடோங் அணிந்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். குழந்தை கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. “தம்பி, கேட்ட சாத்து” என்றார் அத்தை. நான் போய்ச் சாத்தினேன். விரல் நசுங்கிவிடாமல் அவர் குழந்தையின் கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். என்னைத் திட்டவில்லை. அன்று யாரும் என்னைத் திட்டவில்லை. நல்ல பிள்ளை என்றுகூட ஒருவர் சொன்னார்.

அதனால்தான் போன தீபாவளி விடுமுறையில் மடிக்கணினியில் அத்தைக்கு அந்தப் படத்தைப் போட்டுக்காட்டினேன். உண்மையைச் சொன்னால் அது ஒரு தந்திரம். மகேஷின் அம்மாவில் தன்னைப் பார்த்து அத்தை வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் வெட்கப்படவில்லை. அடிக்கும் காட்சியில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “மறந்துடு, மறந்துடுன்னா எதை மறக்கணுமாம்? அதையும் சொல்லணும்ல?” என்றார். படம் முடிந்ததும் கேட்டார்: “ஏன்யா, அந்தப் பையன் நாளைக்கு அந்தப் பொண்ணக் கட்டுனா அவன் பேரு என்னாகும்? அந்தம்மா செத்தா யாரு கொள்ளி வைப்பா?”

எனக்குப் பதில் இல்லை. மூன்று முறை பார்த்தும் எனக்கு இந்தக் கேள்வி வந்ததில்லை. படமும் அதைக் கேட்கவில்லை. காதலர்கள் பதின்ம வயதினர் என்பதால் கதை அந்த இடத்துக்குப் போகாமல் நின்றுவிடுகிறது. இந்த நாட்டில் ஒரு முஸ்லிமைச் சட்டப்படி மணக்க வேண்டுமென்றால் மற்றவர் மதம் மாறியாக வேண்டும். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. இருவரும் அவரவர் மதத்தோடு இருந்து வாழும் வழி ஒன்றைச் சட்டம் விட்டுவைக்கவில்லை. மெலூரின் வீடு எவ்வளவு அன்பானதாக இருந்தாலும் அந்த வீட்டுக்குள் நுழையும் மகேஷ் எதையோ வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அன்பான வீட்டை மலாய்க் குடும்பத்துக்கும் வெறுப்பைத் தமிழ்த் தாய்க்கும் படம் பிரித்துக் கொடுத்திருப்பது எனக்கு உறுத்தத் தொடங்கியது அத்தையின் கேள்விக்குப் பிறகுதான்.

அந்தப் பயத்துக்கு வேறொரு முகமும் உண்டு. ‘டேலண்டைம்’ திரைக்கு வந்த அதே 2009இல், அதே ஈப்போவில், பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் கணவர் இஸ்லாத்துக்கு மாறினார். தாயின் சம்மதம் இல்லாமல் மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்றிப் பதிந்தார். பதினோரு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த மதமாற்றம் செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்த நாள் 2018 ஜனவரி 29. ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள். தீர்ப்பு வந்த பிறகும் மகள் வந்து சேரவில்லை. இது காதல் கதை இல்லை, காதல் திருமணங்களோடு இதை ஒன்றாக வைக்கவும் கூடாது. ஆனால் ஒரு தமிழ்த் தாய் ஏன் பயப்படுகிறாள் என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். அவள் பயம் வெறும் மூடத்தனம் என்று சொல்லிவிட முடியாது.

அப்படியானால் மகேஷின் அம்மா செய்தது சரியா? இங்கேதான் நான் அத்தையோடு முரண்படுகிறேன்.

அவருக்கு நேசிக்க வேண்டிய கடமை இல்லை என்றே நினைக்கிறேன். அன்பைக் கடமையாக்கினால் அது அன்பாகவும் இருக்காது, காயப்பட்டவருக்கு இன்னொரு சுமையாகவும் ஆகும். கணேஷை இழந்தவரிடம் போய் “மனசை விரித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்ல இழக்காதவர்களுக்கு என்ன தகுதி? அவர் சந்தேகப்படலாம். விலகி நிற்கலாம். அழுதுகொண்டே இருக்கலாம். காயம் அத்தனை உரிமையையும் தருகிறது. அதைக் கடந்து இன்னொருவரைத் தண்டிக்கும் உரிமையை மட்டும் தருவதில்லை. கணேஷைக் கொன்றது மெலூர் இல்லை. மதம் மாறச் சொல்லும் சட்டத்தை எழுதியதும் மெலூர் இல்லை. சட்டத்தின்மேல் வர வேண்டிய கோபம் அங்கே போய்ச் சேர வழியில்லாமல், கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கும் பிள்ளைமேல் இறங்குகிறது. அவன் திருப்பிப் பேசக்கூட முடியாதவன்.

எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. கொள்ளி வைக்கும் உரிமையைத் தம்பியிடமிருந்து எடுத்த ஏற்பாட்டோடு அத்தையால் பேச முடியாது. அது எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. கேட்டுக்கு வெளியே நின்ற பெண் தெரிந்தார். அவரைத் தண்டித்தார். தண்டனையை நிறைவேற்ற எந்தக் காயமும் இல்லாத ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கிடைத்தான். காயம் ஒருவரோடு நிற்பதில்லை என்பதற்கு நானே சாட்சி. இழப்பு அத்தையுடையது, கேட்டைச் சாத்திய கை என்னுடையது.

இதை அத்தையிடம் சொன்னேன். அவர் மரத்தைப் பற்றிப் பேசினார். நன்றாக வெட்டத் தெரிந்தவள் பட்டையோடு நிறுத்துவாள், சில வருஷத்தில் புதுப்பட்டை வளரும், அதில் திரும்பவும் பால் எடுக்கலாம். கத்தி கட்டையில் பட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும், மறுபடி கோடு போட முடியாது. “எனக்குக் கட்டைல பட்டுடுச்சுய்யா” என்றார். நான் மேலே வாதாடவில்லை. கட்டையில் பட்ட மரத்தைப் பால் தா என்று கேட்பதில் நியாயமில்லை.

ஆனால் மரத்துக்குக் கேட் கிடையாது. மனிதர்களுக்கு உண்டு. நேசிக்க முடியாதவர்கூடச் சாத்தாமல் இருக்கலாம். மறுபடி நேசிப்பது பற்றி என்னால் சொல்ல முடிவது இவ்வளவுதான். பெரிய மனமாற்றத்தை யாரிடமும் நாம் கேட்க முடியாது. கம்பியில் யார் கை இருக்கிறது என்று பார்க்கச் சொல்லலாம்.

மறுநாள் காலை நான் ஈப்போவுக்குக் கிளம்பும்போது அத்தை வாசல் வரை வந்தார். முறுக்கு டின்னைக் கொடுத்துவிட்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்: “அந்தப் பொண்ணுக்கு இனிப்பு நீருன்னாங்களே. இப்ப எப்பிடி இருக்காம்?”

எந்தப் பெண் என்று நான் கேட்கவில்லை. தெரியாது அத்தை, போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.